பொதிகையின் பாறையும் மரமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பொதிகைமலைக் கட்டுரையைப் படித்தேன். அகத்தியர், மூலிகை, தென்றல் எல்லாம் சரி. ஆனால் கட்டுரையாளர் சிகரத்தின் கூம்பு வடிவத்தைப் பார்த்துவிட்டு 'அணைந்துபோன எரிமலை' என்று எழுதியிருக்கிறாரே, அதை மட்டும் விட முடியவில்லை. அகத்தியர் மலை என்றும் சொல்லப்படும் பொதிகை எரிமலையே அல்ல. அங்குள்ளவை சார்னகைட் என்னும் கடினமான பாறையும் அதன் உறவுப் பாறைகளும். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் உருமாறியவை. பரங்கிமலையில் இருப்பதும் இதே இனம்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் இந்த வகை என்பதால் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார்கள். மேலே மூடியிருந்ததை மழையும் காற்றும் அரித்துத் தள்ளியதில் மிஞ்சி நிற்பதுதான் இன்று நாம் பார்க்கும் 1,868 மீட்டர் சிகரம்.

அடுத்தது மரங்கள். 'மூலிகை மலை' என்று சொல்லிச் சொல்லியே மற்றதை மறந்துவிட்டோம். செங்குறிஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மாமரத்தின் குடும்பம், செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கேதான் பெரும்பாலும் வளர்கிறது. கேரளத்தின் செந்துருணி சரணாலயத்துக்குப் பெயர் கொடுத்ததே இந்த மரம். வெடிப்பலாவோ கிளையோடு ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாகப் பூக்கும். காய் முழுக்க முள். சிங்கவால் குரங்குக்கு அதன் பூவும் விதையும் முக்கியமான தீனி. எந்தச் சூரணத்திலும் சேராத மரம் என்பதால் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை! செங்குத்துப் பாறை இடுக்கில் நிற்கும் வரைக்கமுகுக்கும் அதே கதி. உச்சியை நெருங்க நெருங்க மரங்கள் காற்றுக்குக் குனிந்து, பாசி போர்த்து, ஆள் உயரத்துக்குக் குறுகிவிடும். அந்தக் குட்டை மரங்களுக்குப் பக்கத்துப் புல்வெளிச் சரிவில் மஞ்சள் பூப் பூக்கும் ஓர் ஆர்க்கிட் உண்டு. செருப்பு முனை போன்ற இதழ். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத அதைச் சேகரிப்பாளர்கள் பறித்தே அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையைப் பற்றி எழுதியவர், 1987-இல் அதன் காயைத் தின்று களைப்பில்லாமல் நடந்து, ஆய்வாளர்களுக்கு அதை அறிமுகப்படுத்திய இம்மலைப் பழங்குடிகளான காணி மக்களைச் சொல்லாமல் விட்டதும் எனக்கு வருத்தம்தான்.

தாமிரபரணி 'ஒரு சுனையில் பிறக்கிறது' என்பதும் பாதி உண்மைதான். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இந்த மலைக்குக் கிடைக்கிறது. சோலைக் காட்டின் இலைமக்கும், பக்கத்துப் புல்லின் வேரும் அந்த நீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் கோடையிலும் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது.

அப்புறம், கட்டுரையோடு வந்த படம். அதில் தெரிவது தேயிலைத் தோட்டம். பொதிகை உச்சியில் தேயிலை இல்லை. அடுத்த இதழில் சரியான படத்தைப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பாசமுத்திரம்