ரபாவுல் சுரங்க வாசலில் கேட்கும் காசு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழில் வந்த பப்புவா நியூ கினி பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, தவுர்வுர் எரிமலையின் சாம்பல் சரிவை அவ்வளவு கிட்டப் போய் எடுத்ததற்கே தனியாகப் பாராட்டலாம். ஆனால் நியூ பிரிட்டன் தீவில் இருக்கும் ரபாவுல் பகுதியில் "எங்கே போனாலும் உள்ளூர்க்காரர்கள் காசு கேட்கிறார்கள், ஜப்பான்காரர்கள் தோண்டிவிட்டுப் போன சுரங்கத்தைப் பார்க்க இவர்களுக்கு எதற்குக் கட்டணம்" என்று கட்டுரையாளர் சலித்துக்கொண்டிருக்கிறாரே, அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அந்த மாகாணத்தில் சில வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான்.

முதலில் நில விஷயம். அந்த நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேலான நிலம் அரசாங்கத்துடையதும் இல்லை, பத்திரம் போட்டு விற்கிற தனியாருடையதும் இல்லை. வழிவழியாகக் குலத்துக்குச் சொந்தம். ரபாவுல் பக்கத்து டோலாய் மக்களிடம் அந்த உரிமை தாய்வழியில் வருகிறது. ஆக, கராவியா விரிகுடா ஓரமாகச் சாலையை ஒட்டியிருக்கும் படகுச் சுரங்கம் ஒரு குடும்பத்தின் கொல்லைப்புறம் மாதிரிதான். அடுத்தவர் கொல்லைக்குள் நுழைய அவர்கள் கேட்கும் ஒன்றிரண்டு கினா (அந்த நாட்டுக் காசு) கொடுப்பதில் என்ன குறைந்துவிட்டது? நம் ஊரில் செருப்பு விடும் இடத்திலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் கொடுக்கவில்லையா!

அந்தச் சுரங்கத்தைக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது, அதுவும் ஏமாற்றம். உள்ளே நுழைந்தால் கண் பழகக் கொஞ்ச நேரமாகும். அந்த வீட்டுப் பையன் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் போவான். முதலில் ஒரு இரும்புப் படகின் முன்பக்கம் தெரியும், அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று என்று ரயில் பெட்டி போல வரிசையாக நிற்கும். தகடு துருவேறி அப்பளமாக உதிர்கிறது, கை வைத்தால் கையோடு வருகிறது. அமெரிக்க விமானங்கள் பகலெல்லாம் குண்டு போட்டதால் படகுகளை மலைக்குள் ஒளித்து வைத்து, இரவில் தண்டவாளத்தில் தள்ளிக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சாமான் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள்.

அடுத்தது, யார் தோண்டியது என்ற கேள்வி. 1942 ஜனவரி 23-ம் தேதி ஜப்பான் ரபாவுலைப் பிடித்தது. காவலுக்கு இருந்த ஆஸ்திரேலியப் படை சுமார் 1,400 பேர்தான், தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதன்பிறகு அது தென் பசிபிக்கில் ஜப்பானின் மிகப் பெரிய தளமானது, ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள். நேச நாட்டுப் படைகள் நேராக மோதாமல் சுற்றி வளைத்து, கப்பல் வழியை அடைத்து, அப்படியே பட்டினி போட்டன. 1945 செப்டம்பரில் சரணடையும் வரை அந்த ஒரு லட்சம் பேரும் மலையைக் குடைந்து ஆஸ்பத்திரி, கிடங்கு, படுக்குமிடம் என்று எல்லாவற்றையும் மண்ணுக்குள் கொண்டுபோனார்கள். ஜப்பானியச் சிப்பாய்களும் தோண்டினார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கூடவே உள்ளூர் மக்களையும் சீன, இந்தியக் கைதிகளையும் வேலை வாங்கினார்கள். காசு கேட்கும் அந்த வீட்டு ஆளின் தாத்தாவும் மண் சுமந்திருக்கக்கூடும் என்பதைக் கட்டுரையாளர் யோசித்துப் பார்க்கவில்லை.

டோலாய் மக்களுக்கு அந்தப் போரில் எந்தப் பங்கும் இல்லை. ஜெர்மனிக்காரர்கள் ஆண்டார்கள், 1914-ல் ஆஸ்திரேலியர்கள் வந்து பிடித்தார்கள், அப்புறம் ஜப்பான். மூன்று பேரும் இவர்களைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. கப்பல் நின்றபின் ஜப்பானியப் படையின் வயிறும் இவர்களுடைய தோட்டத்தைத்தான் நம்பியிருந்தது, மேலே இருந்து விழுந்த குண்டு இவர்கள் மேலும்தான் விழுந்தது. ராகுனாய் கிராமத்தில் பீட்டர் டோ ரொட் என்று ஒரு உபதேசியார் இருந்தார். பாதிரியார்களையெல்லாம் முகாமில் அடைத்தபின் ஊராரை அவர்தான் ஜெபத்துக்குக் கூட்டினார். பலதார மணத்துக்கு ஜப்பானியர் இடம் கொடுத்தபோது எதிர்த்துப் பேசினார். பிடித்துக்கொண்டு போய் 1945-ல் கொன்றுவிட்டார்கள். 2025 அக்டோபரில் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது, அந்த நாட்டின் முதல் புனிதர். ஜப்பானியக் கடற்படைத் தளபதி யமமோட்டோவின் பதுங்குகுழிக்குக் கட்டுரையில் ஒரு பக்கம், இவருக்கு ஒரு வார்த்தைகூட இல்லை! யமமோட்டோ 1943 ஏப்ரல் 18 அன்று ரபாவுலிலிருந்து கிளம்பி பூகன்வில் தீவின் மேல் சுடப்பட்டு இறந்தார். வரலாற்றில் முக்கியமான சம்பவம்தான், அதற்காக அது மட்டுமா வரலாறு?

இன்னொரு விடுபடல் நம்மைச் சேர்ந்தது. ரபாவுலுக்குப் பக்கத்து ஊரான கோக்கோபோவிலிருந்து வண்டியில் போய்வரும் தூரத்தில் பிட்டா பாக்கா என்ற இடத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1914-ல் அங்கிருந்த ஜெர்மானிய வானொலி நிலையத்தைப் பிடிக்கப் போய்த்தான் ஆஸ்திரேலியா முதல் உலகப் போரில் தன் முதல் ஆட்களைப் பறிகொடுத்தது, அதனால் ஆஸ்திரேலியர்கள் நிறையப் பேர் வருவார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் ஆயிரத்துக்கும் மேல். நட்டுவைத்த கல் இல்லை, புல்தரையில் தாழ்வான மேடை, அதன் மேல் வெண்கலத் தகடு. குனிந்துதான் படிக்க வேண்டும். குனிந்து படித்தால் இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்கள் வரும், வந்துகொண்டே இருக்கும். தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களுக்கு அங்கேயே தனி நினைவுச் சின்னமும் உண்டு.

இவர்கள் அங்கே எப்படிப் போனார்கள்? 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஆயிரக்கணக்கில் இந்தியச் சிப்பாய்கள் பிடிபட்டார்கள். ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், அந்தக் கதை நமக்கு நன்றாகத் தெரியும். சேராதவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலில் அடைத்து நியூ பிரிட்டனுக்கும் நியூ கினிக்கும் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். நியூ கினியின் வடகரைக்குப் போன சுமார் 3,000 பேரில் கடைசியில் மீண்டவர்கள் 200 பேர் அளவில்தான். அவர்களில் சிந்த் சிங் என்ற அதிகாரி போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொல்வதற்காகத் தங்கிவிட்டார், அவரோடு மீட்கப்பட்டு ஊருக்குக் கிளம்பிய சிலர் ரபாவுலில் விமானம் விழுந்து இறந்துபோனார்கள். மூன்று வருடச் சித்திரவதையைத் தாண்டி வந்தவர்கள்! சுதந்திரப் போராட்டத்தின் பக்கம் நிற்கவில்லை என்று இங்கே இவர்களை மறந்தார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் போனபின் அங்கேயும் நினைக்க ஆள் இல்லை. எந்தப் பக்கம் சரி என்று நான் வாதாட வரவில்லை, ஒரு தமிழ்ப் பத்திரிகை ரபாவுல் வரை போய் இவர்களைப் பார்க்காமல் திரும்பியதைத்தான் சொல்கிறேன்.

தமிழர்களுக்கு நியூ பிரிட்டன் தீவு அவ்வளவு அந்நியமும் இல்லை. அதன் மேற்குப் பாதிக்கு 2012 முதல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்திருக்கும் சசீந்திரன் முத்துவேல் எங்கள் சிவகாசிப் பக்கத்துக்காரர். அவரும் அவர் மனைவியும் அந்த நாட்டுப் பொதுமொழியான டோக் பிசினுக்குக் கொண்டுபோன திருக்குறள் 2023 மே மாதம் அந்த நாட்டுத் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் இந்தியப் பிரதமர் முன்னிலையில் வெளியானது.

எரிமலை பற்றி ஒரு சின்னத் தகவல் திருத்தம். ரபாவுலைச் சாம்பல் மூடியது போரின்போது அல்ல, 1994 செப்டம்பர் 19-ல். தவுர்வுரும் வல்கன் என்ற இன்னொரு எரிமலையும் சேர்ந்து வெடித்தன. நிலம் ஆடுவதைப் பார்த்து முந்தின இரவே ஜனங்கள் கிளம்பிவிட்டதால் உயிர்ச்சேதம் குறைவு, நகரம்தான் போயிற்று. மாகாணத் தலைநகரம் கோக்கோபோவுக்கு மாறியது, பழைய விமானத்தளமும் அதில் கிடக்கும் ஜப்பானிய விமானமும் சாம்பலுக்குள். ஒதுக்குப்புறமான இடங்களில் பாதையை விட்டு இறங்காதீர்கள் என்றும் ஒரு வரி போட்டிருக்கலாம், வெடிக்காத குண்டுகள் இன்னமும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன, ஆஸ்திரேலியப் படையினர் வந்து எடுத்து அழிக்கிறார்கள்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் பிட்டா பாக்காவுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். உங்கள் வாசகர்கள் குடும்பத்தில் சிங்கப்பூர், மலாயா போர்முனைக்குப் போய்த் திரும்பாத பெரியவர் யாராவது இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடிப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. அந்தக் கால ராணுவக் குமாஸ்தாக்கள் நம் பெயர்களைத் தோன்றியபடி எழுதியிருப்பார்கள், எழுத்தை மாற்றி மாற்றி இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
விருதுநகர்