வானத்தில் வெளிச்சம்: நேரமும் திசையும் இல்லாமல் அச்சிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செம்பனைத் தோட்டத்துக்கு மேலே பறக்கும் தட்டு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகள் சில வேளை நாளிதழ்களிலும் ஏறிவிடுகின்றன. எந்த ஊர், எத்தனை மணி, எந்தத் திசை என்று தெரியாத காணொளியை அச்சில் ஏற்ற வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

பறக்கும் தட்டுப் புகார்களை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் 'புளூ புக்' திட்டம் 1952இல் தொடங்கி 1969இல் மூடப்பட்டது. 1947 முதல் வந்த 12,618 புகார்களில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை. இந்த 701ஐத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் 'தகவல் போதாது' என்று தனி வகை ஒன்றும் அங்கே இருந்தது. நேரமும் திசையும் இல்லாத புகார் அதில்தான் விழும். 701இல் சேர்வதற்குக்கூட விவரம் வேண்டும்.

சாட்சியிடம் புளூ புக் அதிகாரிகள் பொருளின் அளவைக் கேட்ட விதமும் கவனிக்கத்தக்கது. எத்தனை அடி நீளம் என்ற கேள்வியோடு நிற்கவில்லை. கையை நீட்டிப் பிடித்த எந்தச் சிறு பொருள் அதை மறைக்கும் என்றும் கேட்டார்கள். தூரம் தெரியாமல் அளவும் தெரியாது, வேகமும் தெரியாது. 'கோ ஃபாஸ்ட்' என்ற அமெரிக்கக் கடற்படைக் காணொளியே சான்று. கடலை உரசிப் பாய்வதுபோல் தோன்றும் அந்தப் பொருளுக்குத் திரையிலேயே எண்கள் உள்ளன: விமானம் 25,000 அடியில், பொருள் 4.4 கடல் மைல் தூரத்தில், கேமரா 26 பாகை (டிகிரி) கீழே. கணக்குப் போட்டால் பொருள் நிற்பது ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில். தோன்றும் வேகத்தில் பெரும்பங்கு, படமெடுத்த விமானத்தினுடையது.

நம் ஊரில் செய்ய வேண்டியது இதுதான். வெளிச்சத்தைக் கண்டதும் முதலில் மணி பாருங்கள். பிறகு சுவரில் தலையைச் சாய்த்து, கூரை விளிம்பையோ மின்கம்பத்தையோ வெளிச்சத்துக்கு நேராக வைத்துப் பாருங்கள். இருட்டில் தனியே நிற்கும் ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால், அது அசையாவிட்டாலும் அசைவதாகவே கண் சொல்லும். பலர் ஏமாறுவது இங்கேதான். நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம் ஏறக்குறைய 1 பாகை, மூடிய கைமுட்டி 10 பாகை. 4 நிமிடத்தில் சுண்டுவிரல் அகலம் மெல்ல நகர்ந்தால் அது விண்மீனோ கோளோதான். சூரியன் மறைந்தபின் மேற்கே அசையாததுபோல் எரிவது பெரும்பாலும் வெள்ளி. நேரே நம்மை நோக்கி வரும் விமானத்தின் விளக்கும் சில நிமிடம் நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தெரியும். பல புள்ளிகள் வரிசையாகப் போனால், ஏவிச் சில நாளே ஆன ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள்.

கைப்பேசியில் பெரிதாக்கிப் படம் எடுக்காதீர்கள். குவியம் (ஃபோகஸ்) தவறிய ஒளிப்புள்ளி வட்டத் தட்டாக விரியும். பறக்கும் தட்டுகள் பல இப்படித்தான் பிறக்கின்றன. கூரையோ மரமோ படத்துக்குள் இருக்கட்டும். வாட்ஸ்அப் வழியே வந்த பிரதியில் படமெடுத்த நேரம் அழிந்துபோகும், தெளிவும் குறையும். அதனால் மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

2 கிலோமீட்டர் தள்ளி இன்னொருவரும் அதே நிமிடம் பார்த்திருந்தால் மிக நல்லது. இரண்டு இடத்தையும் சேர்க்கும் கோட்டுக்குக் குறுக்கே வெளிச்சம் இருந்து, இருவர் காட்டும் திசையும் 10 பாகை வேறுபட்டால் தூரம் சுமார் 11 கிலோமீட்டர். வேறுபாடு 1 பாகைதான் என்றால் 100 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு சிறிய வேறுபாட்டில் கைமுட்டிக் கணக்கு உதவாது.

இத்தனை விவரத்தோடும் வந்து, விமானம், கோள், செயற்கைக்கோள் எதோடும் பொருந்தாத காட்சி ஒன்று கிடைத்தால், அதை முதல் பக்கத்திலேயே போடுங்கள். நாங்களும் ஆவலோடு வாசிப்போம்.

இப்படிக்கு,
வானம் பார்ப்போர் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.