அரிசி அளவு சுரப்பிக்கும் ஓர் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்கும் பாராதைராய்டு சுரப்பியின் திசுவைத் தானமாகப் பெற்று இன்னொருவர் உடலில் பொருத்தும் சிகிச்சை பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கும்பகோணத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு அந்தச் சுரப்பி இல்லாத குறை இருப்பது தெரிந்த வாடிக்கையாளர்கள் சிலர் பேப்பரும் கையுமாகக் கடைக்கே வந்துவிட்டார்கள். "அப்போ அக்காவுக்கு இனி மாத்திரையே வேண்டாமா?" என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கும் எழுதுகிறேன்.

கழுத்துக் கட்டிக்காக என் மனைவிக்குத் தைராய்டை முழுவதும் எடுத்தார்கள். அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கும், அரிசி அளவே உள்ள நான்கு பாராதைராய்டு சுரப்பிகளின் கதையும் அதோடு முடிந்தது. வீட்டுக்கு வந்ததுமே உதட்டைச் சுற்றி மரத்துப்போய், விரல் நுனியெல்லாம் சுருசுருவென்று இருக்கிறது என்றாள். பிரஷர் குறைந்திருக்குமோ என்று மெஷினைக் கையில் கட்டிக் காற்றடித்தேன். பட்டை இறுகிய சற்று நேரத்தில் மணிக்கட்டு உள்ளே மடிந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்து நிற்க, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விட்டது. அவளாலும் பிரிக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அன்று 100 மில்லி ரத்தத்தில் கால்சியம் 6 மில்லிகிராமுக்கும் கீழே இருந்தது. 8.5-க்கு மேல் இருக்க வேண்டியது அது.

அன்றிலிருந்து மாத்திரைதான் வாழ்க்கை. காலையில் வெறும் வயிற்றில், எடுத்த தைராய்டுக்கு ஈடாகத் தைராக்ஸின். கால்சியத்தை அதோடு சேர்த்துப் போட்டால் தைராக்ஸின் உடலில் சேராது என்பதால் நான்கு மணி நேர இடைவெளி. அப்புறம் சாப்பாட்டோடு கால்சியம், அதை உடலில் சேர்க்கும் வைட்டமின் டி வகையான கால்சிட்ரியால். ஒவ்வொரு அட்டையிலும் மார்க்கரால் நேரத்தை எழுதி வைத்திருக்கிறேன். இவ்வளவு செய்தும் ஸ்கேனில் சிறுநீரகக் கல் தெரிந்தது. கால்சியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கச் சொல்லி சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுவதே பாராதைராய்டு ஹார்மோன்தான். அது இல்லாவிட்டால் விழுங்கும் கால்சியத்தில் நிறைய சிறுநீரோடு போய்விடும். ரத்தத்தில் அளவைக் கூட்டினால் கல், குறைத்தால் இழுப்பு. இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் வீட்டில் பொழுது போகிறது.

அதனால் தானத் திசு சிகிச்சை எங்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை. இதில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைக்கும் பெரிய வேலை கிடையாது. சுரப்பியைச் சிறு துணுக்குகளாக நறுக்கி முன்கைத் தசைக்குள் வைத்தால், சில வாரங்களில் புது நுண்குழாய்கள் வளர்ந்து அது வேலையைத் தொடங்கிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அடுத்தவர் திசுவை உடல் ஏற்காது. ஏற்க வைக்க டேக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை விடாமல் சாப்பிட வேண்டும். நோய்த்தொற்று, சிறுநீரகப் பாதிப்பு என்று அந்த மருந்துகள் கொண்டுவரும் தொல்லைகளை நினைத்தால், இந்த ஒரு குறைக்காக மட்டும் என் மனைவியை அதில் இறக்க நான் சம்மதிக்க மாட்டேன். கட்டுரையில் இது ஒரே வரியில் கடந்து போய்விட்டது. நோயாளிகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதே அதுதான்.

அந்த மருந்துகள் இல்லாமலே செய்ய முடியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். 1997-இல் ஜெர்மனியில், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் உறைக்குள் திசுவை வைத்து இருவருக்குப் பொருத்தினார்கள். போலந்தில் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து 85 பேருக்குச் செலுத்திய முடிவுகள் 2007-இல் வந்தன. பாதிக்குச் சற்று மேற்பட்ட முயற்சிகளில் இரண்டு மாதத்துக்கு மேல் பலன் நீடித்தது. சராசரியாகப் பார்த்தால் அரை வருடம்தான். நம்பிக்கை தருகிறது, சரி. ஆனால் மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போடும் காலம் இன்னும் வரவில்லை.

இன்றைக்கே பலன் பெறக்கூடியவர்கள் ஒரு சாரார் உண்டு. டயாலிசிஸ் காலத்தில் பாராதைராய்டு அளவுக்கு மீறி வளர்ந்து, அதை எடுத்துவிட்டு, பிறகு சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள். அவர்களில் கால்சியம் நிலைக்காமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தை அவர்கள் எப்படியும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே கூடுதல் மருந்துச் சுமை இருக்காது. மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகமும் கல்லீரலும் எடுக்கப்படும்போது கழுத்திலிருக்கும் இந்தச் சுரப்பிகள் ஏன் அவரோடு மண்ணுக்குப் போக வேண்டும்? உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011 திருத்தத்தின் மூலம் திசுக்களும் சேர்க்கப்பட்டுவிட்டன. உறுப்பு தானம் செய்தவருக்கு 2023 முதல் அரசு மரியாதை செலுத்தும் மாநிலம் நம்முடையது. நம் மருத்துவக் கல்லூரிகளில் ஏதாவது ஒன்று முறையான ஆய்வாக இதைத் தொடங்கட்டும், குடும்பத்தாரிடம் ஒப்புதல் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்கட்டும் என்பது என் வேண்டுகோள்.

அதைவிட எளிதான காரியம் ஒன்று இருக்கிறது. தைராய்டு ஆபரேஷனில் பாராதைராய்டு தவறி வெளியே வந்துவிட்டால், அதே மேஜையில் நறுக்கிக் கழுத்துத் தசையில் பதித்துவிடலாம். சொந்தத் திசு என்பதால் உடல் மறுக்காது. ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் இதைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு உதட்டோரம் மரத்தாலோ விரல் இழுத்தாலோ, மறு செக்கப் தேதிவரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மெடிக்கல் ஷாப் நடத்தும் ஒரு வாசகர்,
கும்பகோணம்.