மேல்தளம் போட்டாகிவிட்டது

அன்புள்ள மகளுக்கு,

புது வீட்டுப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "ஆளையே காணோம், வேலை நின்றுவிட்டதா?" என்று கேட்டிருந்தாய். நிற்கவில்லை. மேல்தளத்தில் கலவையால் வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. ஈரம் போனால் அந்த வினையும் அடங்கிவிடும். 7 நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பலம் வரும். பொறியாளர்கள் கணக்கில் எடுப்பதோ 28 நாள் பலத்தை. உன் அப்பா காலையும் மாலையும் குழாயோடு மேலே ஏறிவிடுகிறார். வரப்பில் சொட்டுக் கசிந்தாலும் மேஸ்திரிக்குப் போன் பறக்கிறது.

தளம் போட்ட அன்று அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். கம்பிக்கும், கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் என்று சின்னச் சின்ன சிமென்ட் கட்டிகளை வைப்பார்கள். கம்பி பலகையில் படிந்துவிட்டால் பின்னால் ஈரம் எளிதில் எட்டும். துரு ஏறிய கம்பி பருத்து, கான்கிரீட்டையே பிளந்துவிடும். ஆட்கள் கம்பிமேல் நடக்க நடக்கக் கட்டிகள் நழுவின. இவர் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துக்கொண்டே வந்தார். மேஸ்திரிக்கு முகம் சுண்டிவிட்டது. சுண்டட்டும்.

என் சண்டை படிக்கட்டோடு. கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு 3 மீட்டர். 17 படி போதும் என்று பொறியாளர் வரைந்திருந்தார். அப்படியானால் ஒவ்வொரு படியும் 17 சென்டிமீட்டருக்கு மேல் உயரம். இப்போது ஏறிவிடுவோம், முழங்கால் தேய்ந்த பிறகு? 15 சென்டிமீட்டராகக் குறைத்து 20 படி கேட்டேன். மிதிபடியையும் 30 சென்டிமீட்டராக அகலப்படுத்தியதில் பக்கத்து சாமான் அறை சுருங்கிவிட்டது. போகட்டும். இடம் இருந்தால் வேண்டாததெல்லாம் சேரும்.

இனி உன் அறை. கூரையில் மின்விசிறியும் விளக்கும் எங்கே என்பது முடிந்த கதை. மின்குழாய்களைக் கம்பிகளுக்கு நடுவே பதித்த பிறகுதான் கான்கிரீட் கொட்டினார்கள். சுவர் மட்டும் இன்னும் உன் கையில். தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பிரித்ததும் எலக்ட்ரீஷியன் சாக்பீஸோடு வந்து கோடு போடுவார். அந்தக் கோட்டில் காடி வெட்டிக் குழாய் பதிப்பார்கள். அதன்பின் பூச்சு. பூசிய சுவரை உடைத்து ஒட்டுப்போட்டால் எத்தனை கை பெயின்ட் அடித்தாலும் தழும்பு தெரியும். ஆகவே கட்டில் தலைமாடு எந்தப் பக்கம், மேசை ஜன்னலோரமா உள்சுவரிலா, படுத்தபடி விளக்கை அணைக்க ஒரு சுவிட்ச் வேண்டுமா என்று எழுது. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் வீட்டு வரைபடத்தில் பார்த்துக்கொள். கதவுக்குப் பின்னால் சுவிட்ச் கேட்டுவிடாதே.

இதில் அப்பாவிடம் யோசனை கேட்க வேண்டாம். சுவருக்கு மூன்று பிளக் என்பார்.

அன்புடன்,
அம்மா