பொருள்: பயணச்சீட்டுத் தளத்தின் இருக்கை வரைபடத்தைத் திரைவாசிப்பானால் பயன்படுத்த இயலாமை குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். மதுரையிலிருந்து சென்னைக்கு மாதம் இருமுறை செல்வதற்கான பேருந்துச் சீட்டை, நான்கு ஆண்டுகளாகத் தங்கள் தளத்தில் திரையில் உள்ளதை ஒலியாகப் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் மென்பொருளின் துணையுடன் நானே எடுத்துவந்தேன். சென்ற மாதம் தளத்தின் அமைப்பைத் தாங்கள் மாற்றியது முதல் ஒரு சீட்டைக்கூட என்னால் தனியாக எடுக்க முடியவில்லை.

முன்பு "12, கீழ்ப் படுக்கை, காலி" என்று திரைவாசிப்பான் படித்த இடத்தில் இப்போது எதுவும் ஒலிப்பதில்லை. டேப் விசையை அழுத்தினால், பேருந்தின் பெயரிலிருந்து நேரே 'தொடர்க' பொத்தானுக்குச் சென்றுவிடுகிறது; இடையிலுள்ள படுக்கைகளில் ஒன்றைக்கூடத் தொட வழியில்லை. காலியானவையும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவையும் நிறத்தால் மட்டுமே வேறுபடுத்தப்பட்டுள்ளன என்பதைத் தங்கள் பணியாளர் தொலைபேசியில் சொன்ன பிறகே அறிந்தேன். நேரம் முடிந்துவிட்டதாகத் தோன்றும் அறிவிப்புப் பெட்டியும் படிக்கப்படுவதில்லை. கடைசியில், என் வங்கி அட்டை எண்ணையும் ஓ.டி.பி.யையும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லித்தான் சீட்டு எடுத்தேன். அவர் நம்பிக்கையானவர்தான், ஆனாலும் அவற்றைப் பிறரிடம் சொல்ல வேண்டிய நிலைக்கு என்னைத் தள்ளியது தங்கள் தளம்.

இதை எழுதியதற்கு, இணையப் பக்கங்களைத் தானாகச் சோதிக்கும் லைட்ஹவுஸ் கருவியில் அணுகல்தன்மைக்கு (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்க தன்மைக்கு) 100 மதிப்பெண் பெற்றுள்ளோம் என்று பதில் அனுப்பினீர்கள். அந்தப் பதிலே இக்கடிதத்தை எழுத வைத்தது. படத்துக்கு அதை விவரிக்கும் மாற்று உரை உள்ளதா, எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு உள்ளதா என்பவற்றைக் கருவி கண்டறியும். ஆனால் வெறும் பெட்டி ஒன்றை நிரலால் சொடுக்கத்தக்கதாக்கி இருக்கை என்று வைத்தால், அது இருக்கை என்றோ விசைப்பலகைக்கு எட்டவில்லை என்றோ கருவிக்குத் தெரியாது, ஆகவே குறையும் சொல்லாது. மனிதர் நேரில் சோதிக்க வேண்டியவை இவை என்று அக்கருவியின் அறிக்கையே தனிப் பட்டியல் தருகிறது. அதைத் தங்கள் குழுவில் எவரும் படிக்கவில்லை என்றே கருதுகிறேன்.

விசைப்பலகையால் இயங்குவதும், ஒவ்வோர் உறுப்பும் தன் பெயர், பணி, நிலை ஆகியவற்றைத் தெரிவிப்பதும் இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டுதல்களின் அடிப்படை நிலையான 'ஏ' நிலையிலேயே உள்ள தேவைகள். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், 2016-இன், சேவைகளை அணுகத்தக்கவையாக வழங்கக் கோரும் 46-ஆம் பிரிவு தனியார் சேவை நிறுவனங்களுக்கும் பொருந்தும். இணையவழிச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்துள்ளது.

ஒவ்வோர் இருக்கையையும் இயல்பான தேர்வுப் பெட்டியாக அமைத்து, எண்ணையும் வகையையும் அதன் பெயரில் சேர்த்தால் போதும். அந்த ஒரே உறுப்பைத் திருத்தினால் எல்லாப் பேருந்துகளின் வரைபடமும் சரியாகும். வெளியிடுமுன் சுட்டியைத் தொடாமல், திரையை அணைத்துவிட்டு, ஒரு சீட்டை முழுமையாக எடுத்துப் பார்க்கத் தங்கள் சோதனைக் குழுவைப் பணிக்க வேண்டுகிறேன். பார்வையற்ற பயனர்களையும் அச்சோதனையில் ஊதியத்துடன் சேர்க்க வேண்டும்.

திருத்தம் எந்தத் தேதிக்குள் முடியும் என்பதை 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பதில் வராவிடில் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர், மதுரை