முகிலனுக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். என் இளையோர் நாவல் அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டம் ஒன்றில் வளர்ந்து, 2018ஆம் ஆண்டில் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படிக்கும் முகிலன் என்னும் பையன், தன் மனம் ஆண்களையே நாடுகிறது என்பதை அறிந்து, அதை மறைக்கப் படாத பாடு பட்டு, கடைசியில் அதுவே தன் இயல்பு என்று ஏற்றுக்கொள்வதுதான் கதை. உதவியவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டுவதே முறை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஏன் என்று நானும் கேட்கவில்லை. ஆகவே அவரவர் செய்ததை மட்டும் எழுதுகிறேன், உரியவர்களுக்குப் புரியும்.

முதல் நன்றி, வரைவை எல்லாருக்கும் முன்னதாகப் படித்த தம்பிக்கு. இதே ஊரில் முகிலனைப் போலவே வளர்ந்து, இப்போது ஈப்போவில் வேலை பார்ப்பவர் அவர். படித்து முடித்ததும், "அண்ணே, இவன் எப்பப் பாத்தாலும் அழுதுகிட்டே இருக்கான். நாங்க பூப்பந்தும் ஆடுவோம்ணே," என்றார். நாவலில் இப்போதுள்ள பூப்பந்து அத்தியாயங்கள் அந்த ஒரு வரியில் பிறந்தவை. அதைவிடப் பெரிய கொடை ஒன்றும் அவரிடமிருந்து கிடைத்தது. பள்ளியில் நண்பர்கள் கேலி செய்யாமல் இருப்பதற்காக, வகுப்புத் தோழி ஒருத்தியை விரும்புவதாக அவர் வெகுநாள் கதை கட்டியிருக்கிறார். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்பதுவரை சொல்லி வைத்திருந்தாராம். ஒருநாள் யாரோ அவளைப் பற்றிக் கேட்டபோது, "அப்படியெல்லாம் யாரும் இல்லடா," என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறியிருக்கிறார். உண்மையை யாரிடமும் சொல்லவில்லை, பொய்யை மட்டும் நிறுத்திக்கொண்டார். தன்னை ஏற்றுக்கொள்ளத் தொடங்கிய நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன் என்றார். முகிலனின் கதையும் அந்த இடத்தில்தான் திரும்புகிறது.

அடுத்து, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார். சந்திப் பிழை பார்த்துத் தருமாறுதான் அவரிடம் கொடுத்தேன். அவரோ, முகிலன் கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே நீளமாகப் பேசும் பக்கங்களின் ஓரத்தில், "பதினேழு வயதுப் பையன் இப்படிப் பேசுவானா, நீங்கள் பேசுகிறீர்களா?" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அந்தப் பக்கங்களை எடுக்க எனக்கு மனமே வரவில்லை. எடுத்தபின் கதை மூச்சுவிட்டது.

சட்டம் பற்றிய பகுதிகளைப் படித்துப் பார்த்த வழக்கறிஞருக்கும் கடன்பட்டிருக்கிறேன். கதை நிகழும் ஆண்டில் ஒரே வாரத்தில் இரு செய்திகள் வந்தன. செப்டம்பர் 3ஆம் தேதி, மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில், தமக்குள் உறவு கொள்ள முயன்றதாக ஷரியா நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி இரு பெண்களுக்குப் பிரம்படி கொடுக்கப்பட்டது. செப்டம்பர் 6ஆம் தேதி, வயது வந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவைத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு குற்றமாக்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டையும் முகிலன் தன் கைப்பேசியில்தான் படிக்கிறான். முதல் செய்தியைக் கண்டு அவன் நடுங்குவதாக எழுதியிருந்தேன். ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரம் முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியது என்றும், முகிலனைத் தொடக்கூடியது ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு என்றும், அதற்கு 377பி பிரிவின்படி 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம் என்றும், அந்தச் சட்டம் செயலைப் பற்றியதே தவிர ஒருவர் மனத்தில் உள்ள விருப்பத்தைப் பற்றியது அன்று என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். அந்தக் கடைசி விளக்கம் கதைக்குள் ஓர் ஆசிரியையின் வாயில் வருகிறது. சிங்கப்பூர் 2022இல் தன் 377ஏ பிரிவை நீக்கியதையும் சேர்க்கலாமே என்று வழக்கறிஞர் கேட்டார். ஆண்டு ஒத்துவராததால் விட்டுவிட்டேன்.

இத்தகைய கதைகளைத் தேடித் தேடிப் படிக்கக் கொடுத்த நண்பருக்கும் நன்றி. ஆங்கிலத்தில் 1969ஆம் ஆண்டிலேயே இளையோர் நாவல் இந்தப் பொருளைத் தொட்டுவிட்டது. நம்மவர்களில், கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஒருவனை நடுவில் வைத்து ஷியாம் செல்வதுரை 'ஃபன்னி பாய்' நூலை 1994இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். நான் படித்த அமெரிக்கக் கதைகளில் பெரும்பாலானவற்றில் பையனுக்குத் தனி அறை உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு அழலாம், கடிதம் எழுதலாம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் அண்ணன் தம்பிகளோடு கூடத்தில் பாய் விரித்துப் படுப்பவன் எங்கே போய் யோசிப்பான்? இந்தக் கேள்வியை நண்பரும் நானும் ஒட்டுக்கடையில் பல மாலைகள் பேசியிருக்கிறோம். முகிலன் யோசிப்பதெல்லாம் நடையிலும் பேருந்திலும் நிகழ்வது அதனால்தான்.

செம்பனை வெட்டும் மாமா ஒருவர் என்னைத் தம்மோடு தோட்டத்துக்குள் அழைத்துப் போனார். வெட்டுபவர் முதலில் குலையைப் பார்ப்பதில்லை, மரத்தடியைப் பார்க்கிறார். உதிரிப் பழம் கிடந்தால்தான் மேலே குலை பழுத்திருக்கிறது என்று பொருள். பிறகு நீண்ட கம்பில் பொருத்திய அரிவாளால் மட்டையை அறுத்து, குலையை இழுத்து வீழ்த்துகிறார். உதிரிப் பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போடும் வேலை விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுடையது. முகிலனும் அவன் அப்பாவும் பேசாமல் பழம் பொறுக்கும் அத்தியாயம் முழுக்க மாமா காட்டியது. "இதுக்கு வேற அர்த்தம் எதுவும் ஏத்திடாதீங்க சார், இது வேலை," என்றும் சொல்லியிருந்தார். ஏற்றவில்லை, மாமா.

சாப்பாட்டுக் கடை நடத்தும் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தம் மூத்த மகன் விவரம் சொன்ன பிறகு, பல மாதங்கள் அவனோடு சரியாகப் பேசவில்லை என்று அவர் மறைக்காமல் சொன்னார். பிறகு ஒருநாள் அவராகவே போய், கல்யாணத் தரகரிடம் கொடுத்திருந்த மகனின் ஜாதகத்தைத் திரும்ப வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டார். அதைப் பற்றி இன்றுவரை மகனிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லையாம். அவருடைய அனுமதியோடு, அந்த நிகழ்ச்சியை நாவலில் வரும் லோரி ஓட்டுநரின் தாய்க்குக் கொடுத்திருக்கிறேன். முகிலனின் அம்மா அந்த அளவுக்கு வரவில்லை. வரவைத்திருக்கலாமே என்று சிலர் வருந்தினார்கள். அம்மா ஏற்கும்வரை காத்திருக்காமல் மகன் தன்னை ஏற்றுக்கொள்வதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

பொருள் தெரிந்ததும் ஓர் அச்சகம் கையை விரித்தது. சென்னையில் அச்சிட ஏற்பாடு செய்து கொடுத்த பதிப்பாளருக்கும், பெட்டிகளைத் தம் பயணச் சுமையோடு சேர்த்துக் கொண்டுவந்த உறவினருக்கும் என் நன்றி.

கேட்டவர்களுக்கு எல்லாம் ஒவ்வொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முன் நேரில் வந்து தருகிறேன். பள்ளிப் புத்தகம்போல் பழுப்புத் தாள் அட்டை போட்டுத் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். போட்டாயிற்று.

நன்றியுடன்,
நூலாசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்