நம் பிள்ளைகளின் தலையைக் காக்க: விளையாட்டு மைதானக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் உள்ள எங்கள் கிராமத்தின் விளையாட்டு மைதானக் குழு சார்பில், ஊரில் இருப்பவர்களுக்கும், ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் இதை எழுதுகிறோம்.

கடந்த பொங்கல் கபடிப் போட்டியில் நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ரெய்டு போய்த் திரும்பும்போது, பிடிக்க வந்தவரின் முழங்கால், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே அவனுடைய பொட்டில் பலமாகப் பட்டது. விழுந்தவன் உடனே எழுந்து, கன்னத்தில் ஒட்டிய செம்மண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லண்ணா" என்றான். நாங்களும் தண்ணீர் கொடுத்து, கைதட்டி, மறுபடியும் ஆட விட்டோம். அதன் பிறகு பாயின்ட் எவ்வளவு என்று அவன் மூன்று முறை கேட்டிருக்கிறான். அது மூளையில் அடிபட்டதன் அடையாளம் என்பது அங்கே நின்ற எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இரவு வீட்டுத் திண்ணையில் வாந்தி எடுத்துச் சாய்ந்தவனை 108 ஆம்புலன்சில் கொண்டுபோன பிறகுதான், மண்டை ஓட்டுக்குள் இரத்தம் கட்டியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். இப்போது பள்ளிக்குப் போகிறான், ஆனால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் புத்தகத்தைப் பார்த்தால் தலைவலி வந்துவிடுகிறது. பெற்றோரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அடியில் எலும்பு விரிசல் விட்டு அந்தத் தமனி கிழிந்தால், இரத்தம் எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே சேரத் தொடங்கும். அது மூளையை அழுத்தும் அளவுக்குப் பெருகும்வரை, சில சமயம் பல மணி நேரம்கூட, அடிபட்டவர் நடப்பார், பேசுவார், சாப்பிடுவார். முன்னாள் இந்தியக் கிரிக்கெட் வீரர் ராமன் லம்பா 1998 பிப்ரவரியில் டாக்காவில் நடந்த ஓர் ஆட்டத்தில் ஹெல்மெட் அணியாமல் மட்டையாளருக்கு மிக அருகே, ஷார்ட் லெக் என்னும் இடத்தில் நின்றபோது பந்து தலையில் பட்டது. தாமே நடந்து பெவிலியனுக்குப் போன அவர், சில நாட்களில் இறந்துபோனார்.

இரத்தக் கசிவே இல்லாமலும் மூளைக்கு ஊறு நேரலாம். மண்டை ஓட்டுக்குள் நீரில் மிதப்பதுபோல் இருக்கும் மூளை, தலை திடீரென்று நின்றாலோ சுழன்றாலோ குலுங்கி முறுக்கிக்கொள்கிறது. அப்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன. இதைத்தான் மருத்துவர்கள் மூளை அதிர்ச்சி என்கிறார்கள். இதற்கு மயக்கம் வந்தாக வேண்டும் என்பதில்லை, ஸ்கேனிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தலைவலி, தலைசுற்றல், தடுமாற்றம், கேட்டதையே திரும்பக் கேட்பது, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை ஆகியவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால், அரிதாக என்றாலும், வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மூளை அதிர்ச்சி அடைந்த வீரருக்குப் பதிலாக இன்னொருவரை முழுமையாக ஆட வைக்கச் சர்வதேச கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்ட் முதல் விதி இருக்கிறது. நம் மைதானத்தில் இதுவரை எந்த விதியும் இருந்ததில்லை.

எங்கள் திட்டம் இதுதான். கபடிக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் மேட் விரிக்க, ஒரு சதுர மீட்டர் துண்டுகளாக 130 வேண்டும். துண்டு 1,500 ரூபாய் வீதம் 1,95,000 ரூபாய் ஆகும். கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு முகக்கம்பி உள்ள ஹெல்மெட் 12 வாங்க 30,000 ரூபாய். முதலுதவிப் பயிற்சிக்கும், மேலே சொன்ன அறிகுறிகளை அச்சிட்டு வீடுதோறும் கொடுப்பதற்கும் 15,000 ரூபாய். ஆக மொத்தம் 2,40,000 ரூபாயில், ஊருக்குள் 82,000 ரூபாய் சேர்ந்துவிட்டது. இன்னும் 1,58,000 ரூபாய் தேவைப்படுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஹெல்மெட் மண்டை உடைவதைப் பெருமளவு தடுக்கும், ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை முழுவதும் தடுக்காது. மேட் விழுகிற அடியைக் குறைக்கும். முழங்கால் படுவதைத் தடுக்காது. ஆகவே, தலையில் அடிபட்டு மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும், அல்லது சந்தேகம் இருந்தாலும்கூட, அந்தப் பிள்ளை அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது. மருத்துவர் பார்த்துச் சம்மதித்த பிறகே, படிப்படியாக ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்று குழு தீர்மானம் போட்டிருக்கிறது. இறுதி ஆட்டமானாலும், நட்சத்திர ஆட்டக்காரர் ஆனாலும் இதில் விலக்குக் கிடையாது. வெளியூர் அணிகளும் இதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால்தான் சேர்த்துக்கொள்வோம்.

நன்கொடையைக் குழுவின் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம். வெளியூரில் இருப்பவர்கள் ஊரில் உள்ள தங்கள் குடும்பத்தார் மூலம் கொடுத்தனுப்பலாம். நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு மாதாமாதம் ஊர்ச் சாவடியில் ஒட்டப்படும். வரும் பொங்கல் போட்டிக்கு முன் மேட் வந்து சேர வேண்டுமானால் கார்த்திகை மாத முடிவுக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும் என்பதால், அதற்குள் கொடுத்து உதவும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விளையாட்டு மைதானக் குழுவினர்